நடைச்சாவி

மருத்துவமனையிலிருந்து எழுபத்தொரு நாள் கழித்து வீடு திரும்பிய கோகிலவாணியைப் பார்த்து, அவள் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கும் கட்டடத்தின் கதவு மிகுந்த மரியாதையோடு, "வணக்கம், விருந்தினரே. யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வலது கையில் ஊன்றுகோல், தோளில் மாத்திரைப் பை, சொன்ன பேச்சைக் கேட்காத இடது கால். இத்தனையோடும் வண்டியிலிருந்து இறங்கி இருபது அடி நடந்து வந்ததே அவளுக்குப் பெரிய காரியம்.

"என்னையத்தானுங்க பார்க்க வந்தேன். 908, கோகிலவாணி. தொறங்க" என்றாள். கோயம்புத்தூர்க்காரர்கள் கதவுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள்.

"908இல் குடியிருக்கும் கோகிலவாணி தற்போது வீட்டில் இல்லை. பிறகு வாருங்கள்" என்றது கதவு.

அவள் இன்னும் இரண்டு தடவை பின்னால் போய் நடந்து வந்து பார்த்தாள். இரண்டு தடவையும் அதே வணக்கம், அதே விருந்தினர். கடைசியில் எதிர்வீட்டு நசீமா பானுவைக் கூப்பிட்டாள். நசீமா வீட்டு உடையோடு லிஃப்டில் இறங்கி ஓடி வந்து, "இவங்க எங்க வீட்டு விருந்தாளி" என்று சொன்ன பிறகுதான் கதவு வழிவிட்டது. ஒன்பதாவது மாடியில் 908இன் கதவு அதற்கும் மசியவில்லை. உள்ளே இருக்கும் யாராவது அழைத்தால்தான் விருந்தினர் நுழையலாம். கோகிலவாணியின் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. உள்ளேயிருந்து அழைக்க யார் இருக்கிறார்கள்?

சரவணம்பட்டியில் இருக்கும் அந்த அடுக்ககத்துக்கு 'மேல்காற்று' என்று பெயர். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. வாசல், லிஃப்ட், நடைக்கூடம், கதவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் உண்டு. 'நிர்வாகம்' என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அந்த நிர்வாகத்தின் சார்பில் அன்று சாயங்காலம் நசீமாவின் வீட்டுக்கு வந்தவன் பிரணவ். முப்பது வயது இருக்கும், பணிவான பையன், கையில் தகட்டுக் கணினி.

"எம்பட மூஞ்சியப் பார்த்தாத் தெரியலீங்களா தம்பி? நாந்தான்னு உங்களுக்குத் தெரியுதல்ல?" என்றாள் கோகிலவாணி.

"எனக்குத் தெரியுது மேடம். கதவுக்குத் தெரியணும்ல? முகத்த நம்பித்தான் முன்னெல்லாம் ஏமாந்தாங்க. இப்ப யார் முகத்த வேணா யார் வேணா போட்டுக்கலாம். கைரேகையும் அப்படித்தான். நடைய மட்டும் திருட முடியாது. காலு, இடுப்பு, முதுகு, எடை எல்லாம் சேர்ந்து ஒரு ஆளுக்கு ஒரு நடைதான். தரைக்கு அடியில இருக்கற சென்சாருக அதத்தான் படிக்குது. அதான் உங்க நடைச்சாவி."

"வயசானா நடை மாறாதுங்களா?"

"மெதுவா மாறுனா கதவு தினமும் கொஞ்சங் கொஞ்சமாக் கத்துக்கும். ஒரேயடியா மாறுனா வேற ஆளுன்னு எடுத்துக்கும். பக்கவாதம் வந்து உங்க நடை ஒரேயடியா மாறிருச்சு, மேடம்."

"சரி, இப்ப நடக்கறதப் புதுசாப் பதிஞ்சுக்கங்க."

"அதுக்குத்தான் வந்தேன். இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும், அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிரலாம்."

கோகிலவாணி முப்பத்துநாலு வருடம் அரசாங்க நில அளவையராக இருந்தவள். வரப்புச் சண்டையில் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவே அளவுச் சங்கிலி பிடித்தவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மூக்குக்கண்ணாடி 908க்குள் இருந்ததால் நசீமாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். ஏழாவது பக்கத்தில் அது இருந்தது. புதிய நடையைப் பதிவுசெய்பவர் புதிய நபராகக் கருதப்படுவார். பழைய குத்தகை அத்தோடு முடியும். அதற்குப் பதில் ஐந்து வருட வசிப்பு அனுமதி தரப்படும். அதை நீட்டிப்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் விருப்பம்.

"குத்தகை இன்னும் எழுபத்தேழு வருஷம் இருக்குதுங்க. இதுல கையெழுத்துப் போட்டா அது அஞ்சாயிருமா?"

"நடைமுறை மேடம். போன வருஷம் இடுப்பெலும்பு ஒடைஞ்ச ரெண்டு பேரு போட்டாங்க. ஒண்ணும் ஆகல."

"அஞ்சு வருஷம் கழிச்சு?"

"அது அப்பப் பார்த்துக்கலாம்."

"யாரு பார்க்கறது? நீங்களா, நானா?" என்று கேட்டுவிட்டுக் கணினியைத் திருப்பிக் கொடுத்தாள். "எம்பட வூட்டுல நான் உங்க தயவுல குடியிருக்க முடியாதுங்க தம்பி. கையெழுத்துப் போட மாட்டேன்."

பிரணவ் நசீமாவைப் பார்த்தான். "ஒரு வீட்டுல ஒரு விருந்தினர் மொத்தமே முப்பது நாள்தான் தங்கலாம். அதுக்கு மேல தங்குனா உங்க குத்தகைக்கும் நோட்டீஸ் வரும். சொல்ல வேண்டியது என் கடமை" என்றான்.

"நீ சொல்லிட்ட இல்ல, கெளம்பு" என்றாள் நசீமா.

மூன்றாம் நாள், நிர்வாகம் இரக்கப்பட்டு, சாமான் எடுத்துக்கொள்ள இருபது நிமிடம் அனுமதித்தது. பணியாளர் கூடவே இருக்க வேண்டும். பிரணவ் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாக நின்றான். அடைத்துக்கிடந்த வீட்டின் வாசனை. பால்கனியில் கறிவேப்பிலைச் செடி விறகாகியிருந்தது. கோகிலவாணி பீரோவைத் திறந்து சேலை, கண்ணாடி, குத்தகைப் பத்திரம் எல்லாவற்றையும் பையில் அடைத்தாள். பழக்கதோஷத்தில், "உக்காருங்க தம்பி, தண்ணி குடிக்கறீங்களா?" என்றும் கேட்டுவிட்டாள். அவனும் வாங்கிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். நல்ல பையன்தான். நல்ல பையன்களை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் இந்த மாதிரிக் காரியங்களையெல்லாம் செய்கிறார்கள்.

"மேடம், பதினெட்டு நிமிஷம் ஆச்சு" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய் கோணிப் பேச்சு குழறிக் கிடந்த நாட்களில்கூட வராத அழுகை. சேலை மடிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்தொன்பதாவது நிமிடம் தானே வெளியே வந்தாள். அவளை யாரும் வெளியேற்றியதாக இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு பழைய நடையைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று பார்த்தாள். நடைக்கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தினமும் நாற்பது தடவை. நசீமா பின்னாலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். கோகிலவாணி ஒவ்வொரு தடவையும் தன் கதவின் முன்னால் நின்று காத்திருப்பாள். நடை எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று கதவின் ஓரத்தில் எண் வரும். எழுபது வந்தால் திறக்கும். அவளுக்கு முப்பத்தொன்று வந்தது. ஒரு வாரம் கழித்தும் முப்பத்துமூன்றுதான். கால் கெஞ்சியது. இடுப்பு தாங்க முடியாமல் வலித்தது. நசீமாவின் கணவர் ஜாஃபர், தங்கள் அறையை விருந்தாளிக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலவாணி கூனிக் குறுகிப் போனாள்.

"தீர்ப்பாயத்துல குடுக்கற நம்ம ஆதரவுக் கடிதத்துல எத்தன பேரு கையெழுத்துப் போட்டாங்க?" என்று ஜாஃபரிடம் கேட்டாள்.

"ஒம்பது."

"இருநூத்திப் பன்னெண்டுல ஒம்பதா?"

"பாவம்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. நமக்கெதுக்கு வம்புன்னும் சொல்றாங்க."

குடியிருப்புத் தீர்ப்பாயத்தில் அவள் போட்ட வழக்கின் முதல் விசாரணை, அவள் திரும்பி வந்த பதினோராம் நாள். வக்கீல் வைக்காமல் கோகிலவாணியே நின்றாள். கதவு தினமும் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள், என் நடையையும் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவள் வாதம். நிர்வாகத்தின் வழக்கறிஞர் ஒரு பெண்மணி, ஊசி குத்துவதுகூடத் தெரியாதபடி பேசுகிறவர்.

"தினசரிக் கற்றல் நாங்கள் செய்துதரும் ஒரு வசதி மட்டுமே. பத்திரத்தில் அதற்கு இடமில்லை. குத்தகை தொடங்கிய நாளில் பதிவான நடை, பத்திரத்தின் இணைப்பில் இருக்கிறது. சட்டப்படி அது ஒன்றுதான் சாவி. அதோடு பொருந்தினால் வரலாம், பொருந்தாவிட்டால் வர முடியாது."

தீர்ப்பாய உறுப்பினர் ஜெபராஜ் அதை அப்படியே குறித்துக்கொண்டார். கோகிலவாணியும் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒருவர் எல்லைக்கல்லை இவ்வளவு உறுதியாகக் காட்டினால், அந்தக் கல்லைப் போய்ப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அன்றே அந்த இணைப்பின் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டாள்.

நகல் வந்தது இருபத்திரண்டாம் நாள். நசீமாவின் சாப்பாட்டு மேசையில் இருவரும் அதைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். முகமில்லாத கோட்டுருவம் ஒன்று வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தது. முகமும் உடையும் கிடையாது, உடம்பின் கோடும் பாதத்தின் அழுத்தமும் மட்டும்தான். வலது காலை எடுத்து முன்வைத்தது. இடது காலை மெல்ல இழுத்து அதோடு சேர்த்தது. இடது இடுப்பு மேலேறி வெளியே தள்ளியிருந்தது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது நீங்க இல்லக்கா. யாரோ நொண்டறாங்க" என்றாள் நசீமா.

"நான் அப்ப இப்படி நடந்ததே இல்ல கண்ணு. முப்பத்தொம்பது வயசுல மல ஏறி அளந்தவ நானு."

மறுபடியும் போட்டார்கள். மூன்றாவது தடவை கோகிலவாணி கையை ஓங்கி மேசையில் அடித்தாள். நசீமா பயந்துபோனாள்.

"கொடம்! நெறகொடம் கண்ணு! புதுமனை புகுவிழா அன்னைக்கு எடுத்தது இது. முதல் முதலா வாசல்ல கால் வைக்கறப்பப் பதிஞ்சாத்தான் விசேஷம்னு நிர்வாகத்துக்காரங்கதான் சொன்னாங்க. ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் அவங்க ஆளுக. இடுப்புல தண்ணியோட பித்தளைக் கொடம். சிந்திரக் கூடாதுன்னு எங்க மாமியா பின்னாலயே கத்திக்கிட்டு வந்தாங்க. அதான் இப்படி!"

நசீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாக, "நாங்க குர்ஆனத் தலையில வச்சுக்கிட்டு வந்தோம். அவரு முன்னால, நான் பின்னால. கழுத்த ஆட்டாம, பூன மாதிரி" என்றாள்.

யார்தான் வெறுங்கையோடு புதுவீட்டுக்குள் வருவார்கள்? குடம், விளக்கு, சாமி படம், பைபிள், உப்புச் சட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. நிர்வாகத்தின் ஆட்கள் வெளியூர்க்காரர்கள், சுபமுகூர்த்தம் என்றால் கூட்டம் என்று மட்டும் தெரிந்தவர்கள். வந்தவர்களையெல்லாம் அப்படியே பதிந்துகொண்டு போய்விட்டார்கள். முதல் சில மாதம் பழகுகிற காலம் என்று கதவு யாரையும் தடுக்கவில்லை. அதற்குள் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று, குடத்தையும் விளக்கையும் கழித்து, உண்மையான நடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கோகிலவாணி எழுந்து ஊன்றுகோலோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். வலது கால் முன்னே. இடது கால் இழுத்துச் சேர. இடுப்பு மேலேறி, உடம்பு சாய்ந்து. "அக்கா" என்றாள் நசீமா. திரையில் நடந்த உருவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டாம் விசாரணை இருபத்தொன்பதாம் நாள் காலையில். அடுக்ககத்தில் எல்லார் வீட்டுத் திரையிலும் அது ஓடியது. தீர்ப்பாயத்தின் தரையில் அளவை விரிப்பு ஒன்றை விரித்து, எதிரே பத்திர இணைப்பின் பதிவைப் போட்டார்கள். கோகிலவாணி விரிப்பின்மேல் நடந்தாள். எண் வந்தது. எழுபத்தெட்டு.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ஜெபராஜ்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இணைப்பில் உள்ள நடைதான் சாவி என்று சொன்னது நீங்கள்தானே?" என்று வழக்கறிஞரைப் பார்த்தார்.

அந்தப் பெண்மணி கைபேசியில் இரண்டு நிமிடம் பேசினார். பிறகு எழுந்து, முகம் மலர, "நிர்வாகம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. இன்றே 908இன் கதவு திறக்கப்படும். ஒரே ஒரு வேண்டுகோள். இணைப்பில் உள்ள பதிவே இறுதியான சாவி என்று ஆணையில் தெளிவாக எழுதிவிடுங்கள். இனி யாருக்கும் இந்தக் குழப்பம் வரக் கூடாது" என்றார்.

நசீமா பின்வரிசையில் அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷ அழுகை. கோகிலவாணிக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. இன்று மதியம் தன் அடுப்பில் தானே ஒரு ரசம் வைக்கலாம். ஆனாலும் முப்பத்துநாலு வருடத் தொழில்புத்தி உள்ளே முனகியது. கேட்டதற்கு மேல் இடம் விட்டுக்கொடுக்கிற எதிராளியை அவள் பார்த்ததே இல்லை. பிரணவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷமுங்க. எழுதறதுக்கு முன்னால, நசீமா இந்த விரிப்புல நடக்கட்டும். அவங்க பதிவையும் போடுங்க" என்றாள்.

"இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றார் வழக்கறிஞர், சற்று வேகமாக.

"சம்பந்தம் இல்லைன்னா நடந்துட்டுப் போகட்டும்" என்றார் ஜெபராஜ்.

நசீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாக நடந்தாள். முப்பத்தெட்டு. மறுபடி நடந்தாள். முப்பத்தாறு.

கோகிலவாணி ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அய்யா, நீங்க அப்படி எழுதுனா எம்பட கதவு தொறக்கும். மத்த இருநூத்திப் பதினோரு கதவும் சாத்திக்கும். எல்லாரும் அன்னைக்கு ஏதோ ஒண்ணத் தூக்கிட்டு வந்தவங்க. நசீமாவோட பொண்ணு அன்னைக்குக் கைக்கொழந்த, இன்னைக்கு வேலைக்குப் போகுது. அது எந்த நடைய நடந்து காட்டும்? வாசல்ல நிறுத்தி ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த அஞ்சு வருஷக் காகிதத்த நீட்டுவாங்க. அதுக்குத்தான் இவ்வளவு சந்தோஷமா ஒத்துக்கறாங்க."

"நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?"

"அந்தப் பதிவு எம்பட நடை இல்லீங்க. அன்னைக்கு நான் கொடத்தத் தூக்கிட்டுப் போனேன், இன்னைக்கு நோவத் தூக்கிட்டுப் போறேன். ரெண்டும் ஒண்ணாத் தெரியறது தற்செயல். அத வச்சு எனக்கு வீடு வேண்டாம். குத்தகை ஆளுக்கா, நடைக்கா? அதுக்குப் பதில் எழுதுங்க."

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நல்லா யோசிச்சுக்கங்க. அந்தக் கேள்விக்குத் தனியாளாப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. பெரிய அமர்வுக்கு அனுப்பணும், வருஷக்கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் யார் கதவையும் மாத்தக் கூடாதுன்னு வேணும்னா தடை போடலாம். யார் கதவையும்னா, உங்க கதவையும் சேர்த்துத்தான். உங்க விருந்தினர் காலம் நாளைக்கு முடியுது."

"தெரியுமுங்க. எழுதுங்க" என்றாள் கோகிலவாணி.

திரும்பி வரும்போது வண்டி அவிநாசி சாலை தாண்டிய பிறகு, "வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டீங்களேக்கா" என்றாள் நசீமா. பெரிய தியாகி என்ற நினைப்பெல்லாம் கோகிலவாணிக்கு இல்லை. நாளை இரவு எங்கே படுப்பது, இந்தக் காலோடு எந்த விடுதியில் மாடி ஏறுவது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் செய்ததை மாற்றவேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

அடுக்ககத்தின் முன்கூடத்தில் ஜாஃபர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நீள நோட்டு. அவரைச் சுற்றி ஆட்கள். கோகிலவாணியைப் பார்த்ததும் பி பிளாக் தங்கராஜ் முன்னால் வந்தார். போன வருடம் அவருடைய கார் ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது என்று டேப் பிடித்துக் காட்டி அவள் சண்டை போட்ட அதே தங்கராஜ். அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்.

"நாளையிலிருந்து முப்பது நாள் எங்க வீட்டுல இருங்க. அறை சுத்தம் பண்ணியாச்சு" என்றார்.

"அவருக்கு அடுத்தது 1406. அப்புறம் 302" என்று ஜாஃபர் நோட்டை நீட்டினார். "திரையில பார்த்துட்டு இறங்கி வந்தவங்கக்கா. நான் கூப்பிடல."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பக்கம் பக்கமாக வீட்டு எண், பெயர், வரும் தேதி, போகும் தேதி. நூற்று அறுபத்துமூன்று வீடுகள். பக்கவாதம் வந்தாலும் கணக்கு மறக்கவில்லை.

"பதிமூணு வருஷத்துக்கு மேல வருதுங்களே" என்றாள்.

"கேஸு முடியறதுக்கு முன்னாடி வீடு தீந்துறக் கூடாதுல்ல" என்றார் தங்கராஜ்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், வேறு கையெழுத்தில், '908, கோகிலவாணி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பக்கத்தில் பதிமூன்று வருடம் தள்ளி ஒரு தேதி. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஜாஃபரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, பெயரை அப்படியே விட்டுவிட்டு, தேதியை மட்டும் அடித்தாள்.